விதியை மாற்றும் விளையாட்டும் பதுளையின் வாக்குச்சீட்டும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஏர்ல்ஹாம் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பீற்றர் சூபர் என்பவர் 1982இல் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அதன் பெயர் நோமிக். பலகையும் காயும் இல்லாமலே விளையாடலாம். ஒவ்வொருவரும் தமது முறை வரும்போது விளையாட்டின் விதிகளில் ஒன்றை மாற்றும்படி முன்மொழிய வேண்டும், மற்றவர்கள் வாக்களிப்பார்கள். ஆரம்பத்தில் எந்த மாற்றத்துக்கும் எல்லோரும் ஒருமனதாக இணங்க வேண்டும். இரண்டு சுற்றுகள் முடிந்ததும் அந்த விதி தானாகவே தளர்ந்து, சாதாரண பெரும்பான்மை போதும் என்றாகிவிடும். அன்றிலிருந்துதான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்பார்கள். எப்படி வாக்களிப்பது, யாருக்கு வாக்கு உண்டு என்பவையும் விதிகளே. ஆகவே அவற்றையும் வாக்களித்து மாற்றலாம்.

இந்த விளையாட்டைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பதுளை மாவட்டமே. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளை, பூனாகலை என்று நீளும் ஊவாத் தோட்டங்களின் மக்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இதே விளையாட்டுக்குள்தான் வாழ்ந்து வருகிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. சூபரின் விளையாட்டில் எல்லோருக்கும் முறை வரும். இவர்களுக்கு நீண்ட காலம் முறையே வரவில்லை.

கதை 1931இல் தொடங்குகிறது. அதற்கு முன் இலங்கையில் சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்கு இருந்தது. மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்காளர். டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை வழங்கச் சிபாரிசு செய்தபோது சிங்களத் தலைவர்கள் பலர் கலங்கினார்கள். இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளருக்கும் ‘எல்லோரும்’ என்ற சொல் பொருந்துமே என்பதுதான் அவர்களது கலக்கம். எனவே சட்டம் வந்தபோது தோட்டத்து மக்களுக்கெனத் தனி வாசல்கள் வைக்கப்பட்டன. இலங்கையையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வதிவை நிரூபித்து, இந்தியர் என்ற வகையில் உள்ள விசேட பாதுகாப்புகளைத் துறந்து, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும். அதுவும் இல்லையெனில் பழைய கல்வி, சொத்துத் தகைமை இருக்க வேண்டும்.

வாக்களிக்கும் முறையோ எளிமையானது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுத்தறியாதவரும் தாம் விரும்பியவரின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். பின்னர் ஒரே பெட்டியும் சின்னம் அச்சிட்ட சீட்டும் வந்தன. புள்ளடி இடுதல் என்ற வழக்கம் நம் பேச்சில் ஊறியது அதன் பின்னரே.

வாசல் ஒடுக்கமாக இருந்தும் மக்கள் நுழைந்தார்கள். 1931இல் இந்திய வம்சாவளி வாக்காளர் ஏறத்தாழ 1 இலட்சம். 1939இல் அத்தொகை 2 இலட்சத்து 25 ஆயிரம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் நேருவின் வருகையை ஒட்டித் தோன்றியதும் அதே ஆண்டில்தான். தொகை ஏறியதும் பதிவு அலுவலர்கள் சான்றுகளைத் துருவத் தொடங்கினார்கள். சட்டத்தின் வாசகம் மாறவில்லை. அதை வாசிக்கும் முறை மாறியது. 1943இல் இடாப்பில் எஞ்சியவர் 1 இலட்சத்து 68 ஆயிரம் பேர். விதியைத் தொடாமலே விதியை மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை. கிராமச் சபைகளின் நிலை வேறு. 1937இல் திருத்தப்பட்ட கிராமச் சபைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அங்கு வாக்கே இல்லை என்று வெளிப்படையாகவே வைத்தது.

இடையில் ஒரு சிறு அத்தியாயம். பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் அதை வழிநடத்தியது. தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்துரை அந்தச் சபையைக் கலந்தே நிருவாகம் செய்ய இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டதாகவும் அக்கட்சியின் வரலாறு கூறும். சட்டசபைக்கு யார் வாக்களிக்கலாம் என்று கொழும்பில் வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரட்டுக் களத்தில் நின்று பழகிய மக்கள் எந்தச் சட்டத்தையும் கேளாமல் தமக்கென ஒரு தேர்தலை நடத்தியிருக்கிறார்கள். நமது பாடநூல்களில் இதற்கு இடமில்லாதது குறையே.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு வருவோம். சோல்பரி யாப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம் என்று தொகுதிகள் வகுக்கப்பட்டன. சிறுபான்மையினர் கலந்து வாழும் இடங்களில் பல அங்கத்தவர் தொகுதிகள் அமைக்கவும் ஏற்பாடு இருந்தது. அவ்வாறு இரண்டு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் தொகுதியாகப் பதுளை அமைந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் நாடு முழுவதிலும் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, அலுத்நுவரவில் இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா. அந்த எழுவரோடு, இடதுசாரி வேட்பாளர் வேறு சிலரும் தோட்ட வாக்குகளால் வென்றார்கள் என்ற கணக்கு ஆளுங்கட்சியின் கண்ணை உறுத்தியது.

அடுத்து நடந்தது யாவரும் அறிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே 1949இல் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவது சட்டம் யார் பிரஜை என்றது. மூன்றாவது, பிரஜைக்கே வாக்கு என்றது. நடுவில் உள்ளது, பிரஜையாவதற்கு நீண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டுகள் இழுபட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் அளவிலேயே.

சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்பது அதன் சாரம். சூபரின் மொழியில் சொன்னால் மாற்றவியலாத விதி. யாப்பை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். ஆனால் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றச் சாதாரண பெரும்பான்மையே போதுமாயிற்று. கோடக்கன்பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்ப்பதா இல்லையா என்ற வழக்கு றுவன்வெல்லையில் எழுந்து, உயர் நீதிமன்றம் வழியே இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை போயிற்று. 1953இல் வந்த தீர்ப்பு, தன் நாட்டின் பிரஜை யார் என்று வரையறுப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்றது. இந்தியத் தமிழர் வந்து போகும் வழக்கமுடையவர்கள், அது அவர்கள் பிரஜையாகத் தகுதியுடையோரா என்ற கேள்விக்குப் பொருத்தமான விடயமே என்றும் கூறியது. தேயிலைக்காக இரண்டு, மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து ஒரே மலையில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்ட வரி இது. சட்ட நுணுக்கத்தில் அந்தத் தீர்ப்புக்கு நியாயம் சொல்வோர் உண்டு. எனக்கு அது இன்றும் ஏற்புடையதன்று. விளையாட்டின் பாதுகாக்கப்பட்ட விதியை எவரும் தொடவில்லை. விளையாடுவோரின் பட்டியலையே சுருக்கிவிட்டார்கள். பட்டியல் சுருங்கியபின் பாதுகாக்கப்பட்ட விதியை மாற்றுவதும் எளிதாகிவிடும் அல்லவா?

1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதில் இன்னொரு கொடுமை உண்டு. தொகுதி வகுக்க எண்ணப்பட்டவர்கள் ‘ஆட்கள்’, வாக்காளர் அல்லர். பதுளையின் தோட்டத்து மக்கள் வாக்கிழந்த பின்னரும் ஆள் கணக்கில் இருந்தார்கள். அவர்களது தலைகளைக் கூட்டி ஆசனங்கள் உருவாயின. அந்த ஆசனங்களுக்கு உறுப்பினரை அனுப்பியவர்கள் சுற்றியிருந்த கிராமங்களின் வாக்காளர். கண்டி, ஊவாப் பிரதேசத்துச் சிங்கள வாக்கின் பெறுமதி பல பதிற்றாண்டுகள் கூடுதலாக இருந்ததன் இரகசியம் இதுவே.

1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 1960இலிருந்து நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிப்பு. இவையெல்லாம் நல்ல சீர்திருத்தங்கள்தாம். நாடற்றவருக்கு அவற்றால் ஆனது ஒன்றுமில்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பதுளை நிலையத்தில் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களின் கதை தனியே எழுத வேண்டியது.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக வகுக்கப்பட்டதால் தொண்டமான் மூன்றாமவராகப் பாராளுமன்றம் வந்தார். பதுளைக்கு அத்தகைய வாய்ப்பு ஏற்படவில்லை. அதன்பின் 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை வழங்கின. 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியக்கடதாசியே போதுமானதாயிற்று. நாற்பதாண்டுகள் கட்டுக்கட்டாய்ப் பத்திரங்கள் கேட்ட அரசுக்கு ஒரே தாள் போதுமானதாகிவிட்டது. எஞ்சியோர்க்கு 2003இல் இன்னொரு சட்டம் வந்தது.

வாக்கு திரும்பி வந்த நேரத்தில் விளையாட்டே வேறாகியிருந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்திருந்தது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. ஒரு கட்சி ஆசனம் பெற மாவட்ட வாக்குகளில் நூற்றுக்கு 12½ பெற வேண்டும் என்பது முதல் வெட்டுப்புள்ளி. அந்த முறையில் ஒரு பொதுத்தேர்தல்கூட நடக்குமுன் 1988இல் இரண்டு திருத்தங்கள் வந்தன. 14ஆவது திருத்தம் விருப்பு வாக்கையும் தேசியப்பட்டியலையும் புகுத்தியது. 15ஆவது திருத்தம் வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு 5 ஆக்கியது. பின்னதற்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப், பிரேமதாசவுடன் பேசி முடித்த பேரமே காரணம். கிழக்குக்காகப் பேசப்பட்ட பேரம் மலையகத்துக்கும் பயன்பட்டது.

1994 தேர்தல் காலத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எழுபது வயது கடந்த ஒரு பெரியவர் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “நாப்பத்தேழுல சுப்பையாவுக்குப் போட்டேன் தம்பி. பெறகு எம்பத்தொம்பதுலதான் பெட்டியக் கண்ணால பாத்தேன். எடையில நடந்த எலெக்சனுக்கெல்லாம் நாங்க கொழுந்து எடுத்துக்கிட்டுதான் நின்னோம்.” புதிய சீட்டு விளங்குகிறதா என்று கேட்டேன். “புள்ளடி தெரியும். இந்த நம்பருதான் கணக்கு வாத்தியார் மாதிரி பயமுறுத்துது” என்று சிரித்தார்.

அவரது பயம் நியாயமானது. புதிய சீட்டில் மேலே கட்சிக்குப் புள்ளடி. கீழே இலக்கங்களில் விரும்பிய மூவருக்குப் புள்ளடி. இரண்டு கட்சிகளுக்கு எதிரே புள்ளடி விழுந்தால் சீட்டு செல்லாது. பதுளையும் நுவரெலியாவும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மிகுந்த மாவட்டங்கள் என்று பெயரெடுத்தன. நாற்பதாண்டு வாக்களிக்காத ஒரு சமூகத்திடம் நாட்டின் சிக்கலான வாக்குச்சீட்டைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? தேர்தலுக்கு முந்திய வாரங்களில் மாதிரிச் சீட்டோடு லயம் லயமாகத் திரிந்த தொழிற்சங்கத் தலைவர்மாரை நான் கண்டிருக்கிறேன். சங்கங்களைப் பற்றி எனக்குக் குறைகள் பல உண்டு. ஆனால் அந்த வேலையை அரசு செய்யவில்லை, அவர்கள் செய்தார்கள்.

கொழும்புப் பத்திரிகைகள் விருப்பு வாக்கை எப்போதும் ஏசும். ஒரே கட்சிக்காரர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளச் செய்தது, பணச் செலவைப் பெருக்கியது என்பார்கள். பொய்யில்லை. ஆயினும் பதுளையிலிருந்து பார்த்தால் அதற்கு வேறொரு முகம் தெரியும். இம்மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். அவர்கள் ஒரே இடத்தில் செறிந்து வாழவில்லை. மலைக்கு மலை சிதறிக் கிடக்கிறார்கள். மஹியங்கனை முதல் ஹப்புத்தளை வரையான ஒன்பது தேர்தல் தொகுதிகளில் எதிலும் தனித்து வெல்லும் பெரும்பான்மை இல்லை. மாவட்டம் முழுவதும் ஒன்றாக எண்ணப்படும்போது, பெரிய கட்சியொன்றின் பட்டியலில் இரண்டு தமிழர் நின்று, தோட்டத்து விருப்பு வாக்குகள் சிதறாமல் அவ்விருவருக்கும் விழுந்தால், இருவரும் வெல்லலாம். ஐந்து தமிழரை நிறுத்தினால் ஐவரும் தோற்கலாம். இது எளிய கணக்கு. பெரிய கட்சிகளின் பட்டியல் தயாரிப்போருக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

2010இல் பதுளையிலிருந்து ஒரு தமிழரும் பாராளுமன்றம் போகவில்லை. 2015இல் வடிவேல் சுரேஷ், அரவிந்தகுமார் இருவரும் வென்றார்கள், 2020இலும் அவர்களே. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி இம்மாவட்டத்தின் 9 ஆசனங்களில் ஆறை வென்றபோது அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய இருவர் அதன் பட்டியலிலிருந்து தெரிவானார்கள். அக்கூட்டணிக்குத் தலைமை தாங்கும் ஜே.வி.பி. ஒரு காலத்தில் தன் ஐந்து வகுப்புகளில் ஒன்றை இந்திய விஸ்தரிப்புவாதத்துக்கு ஒதுக்கித் தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகக் காட்டியது. 1988 இறுதியில் அதன் பகிஷ்கரிப்பு மிரட்டலால் ஊவா நடுங்கியிருந்தது. அதன் பட்டியலிலேயே மலையகப் பெண்ணொருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனதை 1994இல் எவரேனும் சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்; ஆசிரியரும் போட்டிருக்க மாட்டார்.

இனி மாகாண சபை. ஊவா மாகாண சபைக்கு 2009இல் பதுளைக்கு 21 உறுப்பினர், மொனராகலைக்கு 11. 2014 தேர்தலில் அது 18க்கு 14 என்று மாறியது. மக்கள்தொகையோடு நிலப்பரப்பையும் சேர்த்தெண்ணும் விதியே இதன் அடிப்படை. மொனராகலை மக்களில் பதுளையின் பாதியளவு; நிலத்தில் இருமடங்கு. சோல்பரி காலத்துச் சதுர மைல் இங்கே சதுரக் கிலோமீற்றராகத் திரும்பி வந்திருக்கிறது. காட்டுக்கும் வயலுக்கும் வாக்குண்டு என்றால் நெருக்கமாக லயக் காம்பராக்களில் அடைந்து வாழ்வோருக்கு நட்டம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2017 செப்டெம்பரில் பெண்களுக்கு வேட்புமனுவில் ஒதுக்கீடு தரும் திருத்தமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள் வேறு பக்கங்கள் செருகப்பட்டன. மாகாண சபைத் தேர்தல் முறையே கலப்பு முறையாகி, பழைய விகிதாசார முறை நீங்கியது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! அறிக்கையை மீளாய்வு செய்ய அமைத்த குழு தன் வேலையை முடிக்கவில்லை. பழைய முறையில் தேர்தல் நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி கேட்டபோது, முடியாது என்றது உயர் நீதிமன்றம். பழைய விதி நீங்கிவிட்டது. புதிய விதி இயங்காது.

சூபரின் விளையாட்டில் இதற்கும் ஒரு விதி உண்டு. விதிகளை மாற்றி மாற்றி ஆட்டத்தைத் தொடரவே முடியாத நிலை வந்தால், தன் முறையை முதலில் முடிக்க இயலாமற் போனவரே வெற்றியாளர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊவாவில் யார் வென்றார் என்று கேட்டால் விடை எளிது: மாகாணத்தைத் தேர்தலின்றி ஆளுநர் மூலம் நிருவகிக்கும் மத்திய அரசு. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்த அரசுகள் எல்லாவற்றுக்கும் அந்த வெற்றி வசதியாகவே இருந்தது.

கலப்பு முறையைப் பாராளுமன்றத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு ஒவ்வோர் அரசின் காலத்திலும் எழுகிறது. தொகுதிக்கு ஒரு பிரதிநிதி, பொறுப்புக் கூறுவார், செலவு குறையும் என்று காரணங்கள் அடுக்கப்படும். அத்தகைய எந்த வரைபு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பதுளையின் எல்லைக் கோடுகளைத்தான். பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகியவற்றின் தோட்டங்களை ஒன்றிணைத்து இரட்டை அங்கத்தவர் தொகுதியொன்றேனும் வகுக்கப்படுமா, விகிதாசாரப் பங்கு எவ்வளவு, அது மாவட்ட அளவிலா தேசிய அளவிலா என்ற மூன்றும் தெரியாமல் எந்த முறையையும் மலையகத்தார் ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது.

ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019 ஒக்டோபரில் முடிந்தது. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது பதுளையின் தோட்டத்து மக்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். மாகாண சபைத் தேர்தல் அப்போதும் நடக்கவில்லை. 2014இல் பிறந்த பிள்ளைகள் அதற்குள் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி முடித்திருந்தார்கள்.